துறைமுகத்து நால்வர்

மகளும் மருமகனும் புது வீட்டுக்கு மாறுகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு பக்கத்து அப்பாக்களும் யாரும் கூப்பிடாமலே விடிந்ததும் வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பையனின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகியும் இருவருக்கும் இடையே "சாப்பிட்டீங்களா", "உடம்பு தேவலையா" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் சம்பந்தி என்ற முறை வந்துவிட்டால் நல்லவர்களும் விறைத்துப் போகிறார்கள். முதலில் அவர் உட்காரட்டும் என்று இவரும், இவர் உட்காரட்டும் என்று அவரும் காத்திருந்து, கடைசியில் இருவரும் நின்றபடியே காபி குடித்து முடிப்பார்கள்.

புது வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. மெத்தை, பாத்திரப் பெட்டிகள், காஸ் சிலிண்டர், நாற்காலிகள் எல்லாம் ஒருவழியாக ஏறிவிட்டன. மிச்சம் இரும்பு பீரோ. வண்டியோடு வந்த ஆட்கள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று கழன்றுகொண்டார்கள்.

"போகட்டும். நான் இதைவிட எவ்வளவோ பெரிசு தூக்கியிருக்கேன்" என்றார் கிரேன்காரர்.

"கிரேன் தூக்குச்சுப்பா. நீங்க உக்காந்திருந்தீங்க" என்றாள் மகள்.

கார்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மேல் பக்கம் கார்டும் மருமகனும், கீழ்ப் பக்கம் கிரேன்காரர். தட்டுகளைக் கழற்றிக் கதவைக் கயிற்றால் கட்டித் தூக்கினார்கள். முதல் மாடி சிரமமில்லாமல் போயிற்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோ சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பீரோவின் கைப்பிடி கம்பியில் மாட்டியிருந்தது. மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, "கைப்பிடியைக் கழட்டினா வந்துடும். ஸ்க்ரூடிரைவர் எந்தப் பெட்டியில இருக்குன்னு தெரியல, தேடி எடுத்துட்டு வரேன். ரெண்டு பேரும் விட்டுடாதீங்க" என்று மேலே ஓடினான்.

விடுவதாவது. மேலே ஒருவர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருக்க, கீழே ஒருவர் தோளை முட்டுக் கொடுத்து நின்றார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நடுவில் பீரோ. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, கார்டுக்கு முதல்முறையாக வாய் திறந்தது.

"அசைய மாட்டேங்குதே, சம்பந்தி. கல்தூண் நிக்கற மாதிரி நிக்குது."

கிரேன்காரருக்குச் சுரீர் என்றது. கல்தூண் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் கார்டு சொன்னது தூணை அல்ல, ஓர் ஆளை.

"எந்தக் கல்தூண்?" என்றார், தெரியாதவர்போல.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? உங்க துறைமுக ஃபுட்பால் டீம் ஆள்தானே. பின்னாடி நின்னு தடுக்கற ஸ்டாப்பர். பந்து அவனைத் தாண்டினா ஆள் தாண்ட மாட்டான், ஆள் தாண்டினா பந்து தாண்டாது. ரெண்டும் சேந்து போனதை நான் பாத்ததே இல்லை."

கிரேன்காரர் தோளைச் சற்று மாற்றி முட்டுக் கொடுத்தார். அந்தப் பட்டப்பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் கால்பந்து என்றால் தொலைக்காட்சியில் வருவது. துறைமுக அணியைக் கலைத்தே பல வருடம் ஆகிறது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேருக்கு மூட்டு வலியைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

"நீங்க அந்த ஆட்டமெல்லாம் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேனாவா? டியூட்டி இல்லாத சனிக்கிழமை எல்லாம் கிழக்கு கேலரியிலதான் கிடப்பேன். அந்த ஆளைத் திட்டித் திட்டித்தான் என் தொண்டையே இப்படி ஆச்சு."

"கிழக்கு கேலரின்னா ரயில்வே கேலரி."

"பின்ன? துறைமுகக் கேலரியில போயா உக்காருவேன்?"

மைதானம் துறைமுகத்தின் மதிலுக்கும் ரயில் யார்டுக்கும் நடுவில் இருந்தது. இரு அணிகளும் மோதும் சனிக்கிழமை என்றால் ஊரே இரண்டாகப் பிரியும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வேறு வேறு வாசல் வழியாக மைதானத்துக்குள் போவார்கள். சலூன் கடையில் முக்கால்வாசி முகம் மழித்த பிறகு ஆள் எந்தக் கட்சி என்று தெரிந்து, கத்தியைக் கீழே வைத்த கதையெல்லாம் உண்டு. ரயில்வேக்கு முன்வரிசைதான் பலம். ராக்கெட் என்று ஒரு விங்கர் இருந்தான், கோட்டோரமாகக் கிளம்பினால் கண் இமைப்பதற்குள் மூலைக்கொடி அருகில் நிற்பான். துறைமுகத்துக்குப் பின்வரிசைதான் பலம். கடைசியாகக் கோப்பை வாங்கிய அந்த வருடம் துறைமுகத்தின் வலைக்குள் போன பந்துகளை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். எல்லாம் அந்த நாலு பேர் செய்த வேலை.

"கல்தூண், கோந்து, வாத்தியார், நிழல்" என்றார் கார்டு மேலே இருந்து. மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "கோந்து இருக்கானே, ராக்கெட்டோட ஒட்டினான்னா இடைவேளையில தண்ணி குடிக்கப் போனாக்கூடப் பின்னாடியே வருவான். வாத்தியார் ஆட்டம் பூரா மத்தவங்களுக்குப் பாடம் எடுப்பான், நடு நடுவுல ரெஃப்ரியையும் கண்டிப்பான். நிழல்தான் மோசம். சத்தமே இருக்காது. இடம் காலியா இருக்குன்னு நம்பி அடிப்போம், பந்து அவன் கால்லதான் போய் விழும். பகல்லயே கண்ணைக் கட்டி விட்டாங்க எங்களை, நாலு பேரும் சேந்து."

கிரேன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. தோள் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் பக்கத்து ஆட்கள்கூட இந்த நாலு பெயரையும் வரிசை மாறாமல் சொல்லிக் கேட்டதில்லை. எதிர்க்கட்சிக்காரர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

"எல்லாம் சரி," என்றார் கார்டு, குரலை மாற்றி, "ஆனா அந்த ஃபைனல்ல கடைசி நிமிஷத்துல உங்க ஆளு கையால தடுத்தானே, அதுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல."

"கையா? தோளுங்க அது."

"முழங்கைக்குக் கீழே தோளு இருக்கற ஆளை நான் பாத்ததில்லை."

"தோளுதான். பந்து தோள்ல பட்டு மேலே எகிறுச்சு. கையில பட்டா கீழதான் விழும்."

"பெனால்டிங்க அது! அநியாயமா ஒரு கோல்ல கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

இருவர் குரலும் படிக்கட்டுக் கூண்டில் மோதி எல்லா மாடிக்கும் கேட்டது. மருமகன் ஸ்க்ரூடிரைவரோடு பதறி ஓடிவந்தான்.

"அப்பா, என்ன சண்டை? மாமா, என்ன ஆச்சு?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லடா. ஃபுட்பால்" என்றார் கார்டு. விஷயத்தை இரண்டு வரியில் சொன்னார்.

மருமகனுக்கு அப்பாடா என்றிருந்தது. கைப்பிடியைக் கழற்றிக்கொண்டே, "ஒரு கோலா? அதுக்குத்தானா இவ்வளவும்? டிஃபன்ஸ் ஆடற மேட்ச்செல்லாம் யாரு பாப்பாங்க? தூக்கம்தான் வரும்" என்று சொல்லிவிட்டான்.

மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"அவரு டீமோட டிஃபன்ஸைப் பாத்தவன் யாரும் தூங்கினதில்லைடா. ஆட்டம் முடிஞ்சு ஒரு வாரம் எங்களுக்குத் தூக்கமே வராது" என்றார் கார்டு.

"நீ மேல வாங்க மாப்பிள்ளை, காட்டறேன்" என்றார் கிரேன்காரர். அவசரத்தில் நீயும் வாங்கவும் கலந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பீரோ மூன்றாவது மாடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இருவருக்குமே பிற்பாடு நினைவில்லை. கூடத்தில் சுவரோரம் அதை நிறுத்திய கையோடு கிரேன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். காஸ் சிலிண்டரை உருட்டி நடுவில் நிறுத்தினார். அது கல்தூண். ஒரு பக்கம் மிக்ஸி இருந்த பெட்டி, கோந்து. இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் வாத்தியாரும் நிழலும். ரயில்வே முன்வரிசைக்குச் செருப்புகள். ராக்கெட்டுக்கு மட்டும் மருமகனின் புது ஷூவைக் கார்டே தேர்ந்தெடுத்து வைத்தார்.

"இப்ப ராக்கெட் இந்தப் பக்கம் கிளம்பறான். எல்லாரும் கோந்தைத்தான் பாப்பாங்க. ஆனா அதுக்குள்ள கல்தூண் இங்க ரெண்டடி. வாத்தியார் உள்ள. கடைசியில இருக்கற நிழல் இவ்வளவு தூரம் வந்துடுவான்." வாளிகள் தரையில் கரகரவென்று இழுபட்டன. "நாலு பேர் இல்ல மாப்பிள்ளை. ஒரே கயிறு. ஒரு முனையை இழுத்தா மறு முனையும் வரும். ராக்கெட் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கயிறு அறுந்ததே கிடையாது."

அவர் வாளியை இழுத்தார், சிலிண்டரைத் திருப்பினார், மறுபடி இழுத்தார். மகள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தாள். அப்பா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை. சமையலுக்கு உதவ வந்திருந்த அவளுடைய அம்மாவும் மாமியாரும் பின்னால் வந்து நின்றார்கள்.

கார்டு மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கலாமா? நீங்க அந்த ஃபைனலை எங்க இருந்து பாத்தீங்க?"

"ஏன்?"

"கேலரியில உக்காந்தவனுக்கு இது தெரியாதுங்க. பக்கவாட்டுல இருந்து பாத்தா ஒருத்தனை ஒருத்தன் மறைப்பான். நாலு பேரு ஒரே கயிறு மாதிரி நகந்ததை நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். ஆனா நீங்க சொன்ன உடனே, அப்படித்தான் இருந்திருக்கணும்னு தோணுது. பறவை பாத்த மாதிரி இல்ல சொல்றீங்க."

கிரேன்காரர் வாளியை விட்டு நிமிர்ந்தார். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை.

"நான் மைதானத்துக்குள்ளயே வரலீங்க. அந்த வருஷம் ஒரு ஆட்டத்துக்குக்கூட வரல" என்றார். "கல்தூணும் நானும் ஒரே கிரேன். சனிக்கிழமை மத்தியான ஷிஃப்ட் அவனோடது. கப்பல் வரிசை கட்டி நின்ன நேரம், மாத்து ஆள் இருந்தாத்தான் விடுவேன்னு அதிகாரி சொல்லிட்டாரு. நான் ஏறறேன், நீ போய் ஆடுன்னு அனுப்பினேன். கிரேன் கேபின்ல இருந்து பாத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் மைதானம் தீப்பெட்டி மாதிரி தெரியும். சாமானை இறக்கிட்டு அடுத்த சாமானைக் கட்டறதுக்குள்ள கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்படித்தான் பாத்தேன், எல்லா ஆட்டத்தையும்."

கார்டு எழுந்தே விட்டார்.

"மதிலை ஒட்டி நின்ன கிரேனா? மஞ்சக் கலரா?"

"ஆமா."

"கோந்து ஒரு பந்தைத் தடுத்தா ரெண்டு ஹாரன் அடிக்குமே, அந்தக் கிரேனா?"

கிரேன்காரர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "சாமான் மேல போறப்போ கீழே இருக்கறவங்களை நகரச் சொல்லி அடிக்கற ஹாரன் அது. நான் கொஞ்சம் அதிகப்படியாவே நகரச் சொன்னேன்."

"அடப் பாவி மனுஷா!" என்றார் கார்டு. சம்பந்தி என்பதெல்லாம் அந்த நொடியில் பறந்துபோயிற்று. "அந்த ஹாரன் நீங்களா? எங்க கேலரி பூரா அதைச் சபிச்சுது தெரியுமா? ராக்கெட் பந்தைப் பறிகொடுப்பான், நாங்க தலையில கை வைப்போம், உடனே மதிலுக்கு மேல இருந்து பாம் பாம்னு ஒரு சத்தம். ஆட்டம் தோத்ததைக்கூடத் தாங்கிக்கலாம், அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாது. அது யாருன்னு கண்டுபிடிக்க எங்க ஆளுங்க துறைமுக கேட்டுல போய் விசாரிச்சாங்க. உள்ள விடல."

"கேட்டுக்காரன் நம்ம ஆளு" என்றார் கிரேன்காரர்.

கார்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மகனிடம் திரும்பினார். "டேய், உன் மாமனார் யாருன்னு தெரியுமாடா உனக்கு? நாலு பேர்னு நினைச்சோம் நாங்க. அஞ்சாவது ஆளு மேல உக்காந்திருந்திருக்காரு."

கிரேன்காரரின் மனைவி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சனிக்கிழமை ஓவர்டைம்னு என்கிட்ட சொன்னது இதுதானா?"

"ஓவர்டைம்தானே பாத்தேன். பொய் சொல்லலியே."

"ஓவர்டைம் பாத்துட்டு வர்ற ஆளு அவ்வளவு சந்தோஷமா வாசல்படி ஏறினப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றார் அவர். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. சம்பந்தி அம்மாளைப் பார்த்து, "கூட வேலை செய்யறவனுக்காக இவர் இப்படித்தாங்க. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று சொன்னபோது அந்தக் குரலில் இருந்த பெருமை கிரேன்காரருக்குக் கேட்டது. அவர் குனிந்து வாளியை எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்று சாப்பாடு முடிவதற்குள் கார்டு தன் பழைய கூட்டாளிகள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். "ஹாரன்காரனைப் பிடிச்சிட்டேன். என் சம்பந்திதான்" என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னார். ஒருவர் போனிலேயே கிரேன்காரரைக் கேட்டு வாங்கி, இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த வசவையெல்லாம் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்துவிட்டு, "நேர்ல வாங்க, கட்டாயம் பாக்கணும்" என்று முடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்டு அவரை அழைத்துப் போனார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை. கடைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சுகளில் கார்டின் கூட்டாளிகள், எல்லாம் தலை நரைத்தவர்கள், நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கிரேன்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றபோது ஒருவர் "பாம் பாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நடு பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்கள். டீ வந்ததும் விசாரணையும் ஆரம்பித்தது. கையா தோளா என்பதில் அரை மணி நேரம் போயிற்று. அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தவர் சாட்சியே செல்லாது என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்து பார்த்த நீங்கள் அத்தனை பேரும் ரயில்வே ஆட்கள், உங்கள் சாட்சி மட்டும் எப்படிச் செல்லும் என்றார் இவர். யாரும் இறங்கி வரவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. தன் பக்கத்துக்குத் தான் ஒருவராகவே நின்று, இத்தனை பேரையும் ஓர் அடி முன்னால் வரவிடாமல் தடுத்ததில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஓரமாக ஒருவர் எதிலும் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். தொப்பையும் வழுக்கையுமாக, கைத்தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றியிருந்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கிரேன்காரரிடம் கேட்டார்.

"கல்தூண் இருக்காரா?"

"இல்லீங்க. நாலு வருஷம் ஆச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நல்ல ஆளு. ஒரு தடவைகூடக் காலைப் பாத்து அடிச்சதில்ல. பந்தைப் பாத்துதான் அடிப்பாரு."

கார்டு மெல்லச் சொன்னார்: "இவருதான் ராக்கெட்."

கிரேன்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இவ்வளவு காலத்தில் அந்த முகத்தை அவர் ஒருமுறைகூடப் பக்கத்தில் பார்த்ததில்லை. மேலே இருந்து பார்த்த அந்த ஓட்டத்தைத்தான் தெரியும்.

"ஃபைனல்ல நான் சரியா ஆடலன்னு இவங்க இன்னிக்கும் சொல்வாங்க" என்றார் ராக்கெட். புகாராகச் சொல்லவில்லை. "ஒரு தடவைகூட கோலுக்குப் பக்கத்துல போக முடியல. ஷூ லேஸ் கட்டத் தெரியாதவன்னு அன்னிக்குக் கேலரியில கத்தினாங்க. எனக்கே அப்படித்தான் தோணிச்சு. உங்களுக்கு மேல இருந்து எப்படித் தெரிஞ்சுது?"

பெஞ்சில் இருந்தவர்கள் கிரேன்காரர் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்றேன்" என்றார் கிரேன்காரர். "உங்க அணியில வேற யாரு பந்தை எடுத்தாலும் எங்க ஆளுங்கள்ல ஒருத்தன் போவான், மிஞ்சிப்போனா ரெண்டு பேர். மத்தவன் இடுப்புல கை வெச்சுட்டு நிப்பான். உங்களுக்கு மட்டும் அப்படி இல்ல. பந்து உங்ககிட்ட வரப் போகுதுன்னு தெரிஞ்சாலே நாலு பேரும் கிளம்பிடுவாங்க. நீங்க தொடறதுக்கு முன்னாடியே. கடைக்கோடியில நிக்கற நிழல்கூட ஓடி வருவான். ஆட்டம் பூரா அப்படித்தான். மேல இருந்து பாத்தவனுக்கு இது நல்லாத் தெரியும். அந்த நாலு பேரும் அவ்வளவு நல்லா ஆடினாங்கன்னா அது உங்களாலதான். திங்கக்கிழமை ஷிஃப்ட்டுக்கு வந்தா கல்தூண் கோப்பையைப் பத்திப் பேச மாட்டான். உங்களைப் பத்தித்தான் பேசுவான். கால் ரெண்டும் வீங்கிப் போச்சுடா, அந்த ஆளு பின்னாடி ஓடி ஓடின்னு சொல்வான்."

ராக்கெட் கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அதன்மேல் மோவாயை ஊன்றிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் சத்தமா இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். "அந்தக் கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்குக் காது மந்தம். ரொம்பக் கத்தினது அவன்தான்."

கிரேன்காரர் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, முதலில் இருந்து சொன்னார்.